வெயிலுக்கு சுவிட்ச் கிடையாது

அத்தியாயம் ஒன்பது

படகு வெடித்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. முதல் மூன்று நாள் வேடிக்கை பார்க்க ஊரே திரண்டு வந்தது. நாலாம் நாள் பாதி ஊர். அதற்கப்புறம் காக்கா மட்டும்தான். இன்றைக்குக் காலையில் அந்தக் காக்காவுக்குத் துணையாக இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள்.

ஒருவர் சர்வேயரம்மா. முட்டின படகு, மூழ்கின படகு, எரிந்த படகு என்று இருபத்தாறு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக அளந்து எழுதிவிட்டு, இப்போது அதே வேலையைத் தனியாகச் செய்துவருகிறவர். இன்னொருவன் அவருடைய கொழுந்தன். அவனுக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் எல்லாரும் கூப்பிடுவது ரேடியோ என்றுதான். கரண்ட் போனாலும் ஓடுவான்.

"பாதி படகு இருக்கு, பாதி இல்ல. அண்ணி, நாமளும் பாதி வேலை பாத்துட்டுப் போயிடலாமா?"

சர்வேயரம்மா நோட்டைத் திறந்தார். நாலு மாதத்துக்கு முன்னால் கணவர் இறந்ததிலிருந்து அவருக்கு எதுவுமே உறைப்பதில்லை. அதைத் துக்கம் என்றுகூடச் சொல்ல முடியாது. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அந்த மாதிரி. இருப்பது தெரியும், தொட்டால் தெரியாது. சாப்பிட்டார், தூங்கினார், வேலைக்கு வந்தார். ரேடியோ பேசினால் காதில் சத்தம் விழுந்தது, அவ்வளவுதான்.

பட்டறைக் கொட்டகைக்குள் இழுத்துப் போட்டிருந்த அந்தப் படகின் பின்பக்கம் பூசணிக்காயைப் போட்டு உடைத்த மாதிரி பிளந்து கிடந்தது. பேட்டரிப் பெட்டி இருந்த இடம் அது. முன்பக்கமும் ஆட்கள் உட்காருகிற அறையின் கூரையும் தப்பித்திருந்தன. ஆட்களைக் கரைக்குக் கரை ஏற்றிப் போகிற படகு. அதன் சொந்தக்காரர் பேட்டரிப் பெட்டிக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தபோது வெடித்தது. அந்த இடத்திலேயே போய்விட்டார்.

வேலை அவருடையது இல்லை. அவர் மனைவியின் தம்பி ஒயர்மேன், படகுகளுக்கு மட்டுமே ஒயர் இழுக்கிறவன். கூரைமேல் இருந்த சோலார் பேனலிலிருந்து புது பேட்டரிகளுக்கு இணைப்புக் கொடுக்கிற வேலையை அவன்தான் எடுத்திருந்தான். நடுவில் ஏதோ வாங்கக் கடைக்குப் போனான். திரும்பி வந்தபோது புகை. அன்றைக்குச் சாயங்காலமே துறைமுக விசாரணை அலுவலகத்துக்குத் தன் காலாலேயே நடந்துபோய், பேனலை மூட மறந்துவிட்டேன், எல்லாம் என் தப்பு என்று சொல்லிவிட்டான். வாக்குமூலம் தயாராகிவிட்டது. இன்றைக்கு நாலு மணிக்குக் கையெழுத்து. போட்டுவிட்டால் லைசென்ஸ் போகும், கவனக்குறைவால் உயிர்ச்சேதம் என்று வழக்கும் வரும், ஒயர்மேன் சில வருஷம் கம்பி எண்ணவேண்டியதுதான்.

சர்வேயரம்மாவைத் தேடி வந்தது இறந்தவரின் மனைவி. படகுகளுக்குப் படுதா தைக்கிறவள். தாலி போன கையோடு தம்பியும் ஜெயிலுக்குப் போனால் என்ன செய்வேன் என்று அவள் அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "என் தம்பி மறந்திருக்க மாட்டான்மா. என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியணும்."

"ஒரு பேனலை எப்படி அணைக்கிறது, சொல்லு பாப்போம்" என்றார் சர்வேயரம்மா.

"சுவிட்ச ஆஃப் பண்ணி."

"சுவிட்ச் கிடையாது."

"அப்ப ஒயரப் பிடுங்கி."

"பிடுங்கினாலும் ஒயர் நுனியில உயிர் இருக்கும். வெயில் படற வரைக்கும் அது பாட்டுக்கு வேலை செஞ்சுகிட்டே இருக்கும்."

"என் வாய் மாதிரி."

"அதேதான். அத அணைக்க ஒரே வழி, மேல துணியப் போட்டு மூடறது. ராத்திரி முழுக்க கரைக் கரண்டுல சார்ஜ் ஏத்தின பேட்டரி, பெட்டிக்குள்ள பத்திக்கற வாயு விட்டிருக்கும். அங்க போய் உயிரோட இருக்கற ஒயர சேத்தா பொறி பறக்கும். ஒரு பொறி போதும்."

ரேடியோ கூரைமேல் ஏறினான். பேனல் விரிசல் விட்டிருந்தது, ஆனால் அசையவில்லை. ஒரு வருஷமாக அங்கேயே இருந்த பேனல். விளிம்புச் சட்டமெல்லாம் உப்பும் காக்கா எச்சமும் சேர்ந்து தோல் மாதிரி படிந்திருந்தது.

"அண்ணி, மூலையில ஏதோ கடிச்சிருக்கு. எலியா இருக்கும்."

"எத்தன மூலையில?"

அவன் சுற்றிப் பார்த்தான். "நாலுலயும்."

"அளவெடுத்து நாலு மூலையிலயும் கடிக்கற எலி எங்க வளருது?"

சர்வேயரம்மாவும் ஏறிப் பார்த்தார். நாலு மூலையிலும் அழுக்குப் படிவத்தைச் சுரண்டிக்கொண்டு பல் பல்லாகத் தடம். தடத்துக்குள் தகரம் புதிதாக மின்னியது. அகல வாய் உள்ள இரும்புக் கிளிப் கடித்த தடம். துணியைப் போட்டு, காற்றில் பறக்காமல் இருக்க நாலு மூலையிலும் கிளிப் மாட்டியிருக்கிறார்கள்.

"அப்ப மூடித்தான் வச்சிருக்கான்" என்றான் ரேடியோ. "அப்புறம் காத்துல பறந்துருச்சு. கேஸ் முடிஞ்சுது, டீ குடிக்கலாம்."

சர்வேயரம்மா படகின் முன்பக்கத்தைக் காட்டினார். ஏறி இறங்குகிறவர்கள் பிடித்துக்கொள்ள அங்கே ஒரு கயிறு கட்டியிருந்தது. அதில் நாலு இரும்புக் கிளிப்புகள். ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளி, நாலும் ஒரே பக்கம் பார்த்தபடி.

"காத்து கிளிப்பக் கழட்டுமா? சரி, கழட்டுதுன்னே வச்சுக்கோ. கழட்டினத அளவு பாத்து வரிசையா மாட்டிட்டுப் போகுமா?"

ரேடியோ கொஞ்சம் யோசித்தான். "நல்ல குடும்பத்துல வளந்த காத்தா இருக்கும்."

மறக்கவில்லை, மூடியிருக்கிறான். அப்புறம் யாரோ பொறுமையாகக் கிளிப்புகளைக் கழற்றித் துணியை எடுத்திருக்கிறார்கள். அப்படியென்றால் ஒயர்மேன் சொல்வது பொய். தன் கழுத்துக்குத் தானே கயிறு திரிக்கிற பொய்யை ஒருவன் எதற்குச் சொல்வான்?

"எதிர்க்கரை படகுக்காரன்தான்" என்றான் ரேடியோ. "தொழில் போட்டி. முகத்தப் பாத்தாலே தெரியுது."

"எந்த முகம்? நீ அவர இன்னும் பாக்கவே இல்லையே."

"பாத்தா தெரியும்."

*

எலெக்ட்ரிக் கடைக்காரர் ஒயர்ச் சுருள்களுக்கு நடுவே தலை மட்டும் தெரியும்படி உட்கார்ந்திருந்தார். கேட்ட கேள்விக்குப் பதில் வருவதற்குள் தன் கடையின் வரலாறு, தன் முழங்கால் வலி, பக்கத்துக் கடைக்காரனின் நாணயம் மூன்றையும் சொல்லி முடித்தார்.

"ஒயர்மேன் அன்னைக்கு வந்தாரா?" சர்வேயரம்மா மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

"வந்தானே. பன்னெண்டு மணி இருக்கும். முதல் நாள் வாங்கிட்டுப் போன ஃபியூஸத் திருப்பிக் குடுத்தான். நான் முப்பது ஆம்ப் குடுத்துட்டேன், அவனுக்கு வேண்டியது பதினஞ்சு. 'இருக்கறதப் போடுப்பா, பெட்டிக்குள்ள போற சாமான், எவன் பாக்கப் போறான்'னேன். 'நான் பாப்பேனே'ன்னான். அது ஒரு கிறுக்கு."

"வேற எதாவது சொன்னாரா?"

"எங்க சொன்னான்? உக்காருடா, டீ சொல்றேன்னா உக்காரக்கூட இல்ல. 'பேனலுக்குத் துணி போட்டு மூடிட்டு வந்திருக்கேன், மாமா கை சும்மா இருக்காது, நான் போகணும்'னு துடிச்சான். நான்தான் ஃபியூஸ் தேடறேன்னு முக்கால் மணி நேரம் நிக்க வச்சுட்டேன்."

"இத விசாரணையில சொன்னீங்களா?"

"யாரும் கேக்கலையேம்மா. கேக்காததச் சொல்றது என் வழக்கமில்ல."

வெளியே வந்ததும் ரேடியோ கடையைத் திரும்பிப் பார்த்தான். "கேக்காத முழங்கால் வலி எனக்கே வந்துருச்சு. கேக்க வேண்டியது மட்டும் பன்னெண்டு நாளா டப்பாவுல இருந்திருக்கு."

சர்வேயரம்மா சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய இடம் என்று மட்டும் தெரிந்தது.

*

விசாரணை அலுவலகத்தின் வராந்தாவில் ஒரு மரப் பெஞ்சு. ஒயர்மேனை யாரும் கைது செய்யவில்லை. வீட்டுக்குப் போ, கூப்பிடும்போது வா என்றுதான் சொல்லியிருந்தார்கள். அவன்தான் போகாமல் பகலெல்லாம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து கிடந்தான். ராத்திரி எங்கே தூங்குகிறான் என்று காவலாளிக்கே தெரியாது. முப்பது வயசு இருக்கும். முகத்தில் அழுத தடம் இல்லை, தூங்கின தடமும் இல்லை. சர்வேயரம்மா அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணாடியைப் பார்ப்பது போல இருந்தது அவருக்கு.

"மறந்துட்டேன் மேடம்" என்றான், கேட்பதற்கு முன்பே.

"கடைக்காரர்கிட்ட மூடிட்டு வந்திருக்கேன்னு சொன்னீங்களாமே."

"பொய் சொன்னேன்."

"எதுக்கு?"

"அவர் டீ சாப்பிடச் சொல்லுவாரு. தப்பிக்கச் சொன்னேன்."

"பேனல் சட்டத்துல நாலு மூலையிலும் கிளிப் தடம் இருக்கு."

"முன்னாடி எப்பவாவது போட்டிருப்பேன்."

"கிளிப் நாலும் முன்பக்கக் கயித்துல வரிசையா இருக்கு."

ஒயர்மேன் அப்போதுதான் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தான். இத்தனை நேரம் எழுதி வைத்துப் படித்த மாதிரி பேசியவனுக்குக் குரல் மாறிவிட்டது.

"எடுத்துட்டீங்களா மேடம்?"

"இல்ல."

"எடுத்துருங்க. தண்ணியில போட்டுருங்க. அன்னைக்கு நெருப்பணைக்க வந்த கூட்டத்துல என்னால கிட்ட போக முடியல. அதுக்கப்புறம் அந்தப் படகப் பாக்கற தைரியம் வரல."

"யாரக் காப்பாத்தறீங்க?"

அவன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். முடியைவிட மெல்லிசான ஒயரை முறுக்கிப் பழகின விரல்கள். நடுங்கவே இல்லை.

"மாமா திரும்பி வரப் போறதில்ல. நான் உள்ள போனாலும் நாலஞ்சு வருஷத்துல வெளிய வந்துருவேன். சில பேருக்கு வெளிய வரவே வழி இருக்காது மேடம். நீங்க பெரியவங்க, உங்களுக்குப் புரியும். இதுக்கு மேல கேக்காதீங்க."

வாசலில் ரேடியோ ஸ்கூட்டரை உதைத்தான். "மிரட்டி வச்சிருக்காங்க அண்ணி. எதிர்க்கரை."

"மிரண்டவன் கை நடுங்கும். இவன் முடிவெடுத்துட்டு உக்காந்திருக்கான்."

"எதுக்கு?"

"தெரியல. அந்தத் துணி எங்கன்னு பாப்போம். மூடின துணி எரிஞ்ச சாமான்ல இல்ல, படகுல இல்ல, தண்ணியிலயும் யாரும் எடுக்கல. துணி கிடைச்சா ஆள் கிடைக்கும். மொதல்ல அந்தம்மாவப் பாத்து, அன்னைக்கு மதியம் படகுப் பக்கம் யார் யார் வருவாங்கன்னு கேட்டுட்டுப் போவோம்."

மணி இரண்டே முக்கால்.

*

அவள் தையல் கடை நீளமான ஒரே அறை. நடுவில் கட்டில் அகலத்துக்கு ஒரு மேஜை, ஓரமாக ஊசி தடித்த பெரிய மெஷின். துளை போடுகிற சுத்தியல், பித்தளை வளையங்கள் நிரம்பின டப்பா, சுவர் முழுக்க அலமாரி. கணவன் இறந்த ஒன்பதாம் நாளே கடையைத் திறந்துவிட்டாள் என்று அக்கம்பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. ஊர் வாயை மூட எந்த மூடியும் கிடையாது. வீட்டில் சும்மா உட்கார்ந்தால் சுவர் நெருங்கி வருகிறது என்று அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இவர்களைக் கண்டதும் காலை எடுத்தாள்.

"உங்க தம்பி மறக்கலம்மா" என்றார் சர்வேயரம்மா. "மூடித்தான் வச்சிருக்கார். அவர் கடைக்குப் போன நேரத்துல யாரோ எடுத்திருக்காங்க."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். பன்னிரண்டு நாளாக இறுக்கிப் பிடித்திருந்த ஏதோ ஒன்று தோளிலிருந்து இறங்கினது தெரிந்தது.

"நான்தான் சொன்னேனே. பேனலுக்குன்னு ஏதோ மூடி இருக்காம், அதப் போடாம மழை மேகத்துலகூட கை வைக்க மாட்டான். சின்ன வயசுலேர்ந்தே அப்படி, கதவப் பூட்டினா மூணு தடவ இழுத்துப் பாப்பான்." கொஞ்சம் நிறுத்தினாள். "யாரும்மா எடுத்தது?"

"அதான் தேடறோம். அன்னைக்கு மதியம் அந்தப் பக்கம் யாராவது போனாங்களா?"

"போற வர்ற ஆளுங்கதான். நான்கூடப் போனேனே, சாப்பாடு குடுக்க."

சர்வேயரம்மா தலையை ஆட்டிக்கொண்டே அலமாரியைப் பார்த்தார். தொழில் பழக்கம், எங்கே நின்றாலும் கண் சுவரை அளக்கும். மடித்த படுதாக்கள் அடுக்கடுக்காக இருந்தன. எல்லாம் ஒரே மடிப்பு. வளையத்தின் மேல் வளையம் உட்கார்ந்து, ஓரத் தையல் உள்ளே போய், அச்சில் வார்த்த மாதிரி. மேல்தட்டில் பச்சை நிறத்தில் ஒன்று தனியாக இருந்தது. அதன் மூலையில் பல் பல்லாக ஒரு தடம்.

அவர் அதை எடுக்கவில்லை. தொடக்கூட இல்லை. "அந்தப் பச்சை யாருதும்மா?"

"அதுவா? ஒரு கஸ்டமரோடது. புதுசு. அன்னைக்கு டெலிவரி குடுக்கச் சொல்லிக் காலையில எங்க வீட்டுக்காரர்கிட்டதான் குடுத்துவிட்டேன். மதியம் போய்ப் பாத்தா, நிழலுக்கோ என்னமோ, கூரைமேல விரிச்சுப் போட்டிருக்காங்க. புதுப் படுதா, காக்கா எச்சத்து மேல. பத்தாததுக்கு இரும்புக் கிளிப்பப் போட்டு மூலையெல்லாம் கடிக்க வச்சிருக்காங்க. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்." அந்தக் கோபம் இன்னும் கொஞ்சம் அவள் குரலில் மிச்சமிருந்தது. "கிளிப்பக் கழட்டி, தம்பி தேடுவானேன்னு கயித்துல மாட்டிட்டு, படுதாவ மடிச்சு எடுத்துட்டு வந்துட்டேன்."

ரேடியோ பித்தளை வளையங்கள் இருந்த டப்பாவுக்குள் எதையோ தேடுகிறவன் மாதிரி குனிந்துகொண்டான்.

"உங்க வீட்டுக்காரர் பாத்தாரா, நீங்க எடுத்தத?"

"அவர் கீழ பின்பக்கம் இருந்தார், முகத்தக்கூடப் பாக்கல. குரல்தான் வந்துச்சு. 'வச்சுட்டுப் போ, ரெண்டு ஒயர்தான் பாக்கி, முடிச்சுட்டுச் சாப்பிடறேன்'னார். படுதா விஷயத்துக்கு சாயங்காலம் வரட்டும் பேசிக்கலாம்னு வந்துட்டேன். இங்க வந்து மெஷின்ல உக்காந்தேன். அப்பதான் அந்தச் சத்தம்."

 தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. அன்றைக்குத் தம்பியும் கணவனும் படகைப் பார்த்தார்கள், அவள் படுதாவைப் பார்த்தாள். தன் கையால் மடித்துத் தைத்த ஓரத்தை அழுக்கில் கிடக்கவிட்டுப் போக அவளால் முடியாது. மேலே துணி இருக்கிறது, பேனல் அணைந்து கிடக்கிறது என்ற நம்பிக்கையில் கீழே அவர் ஒயரை எடுத்திருக்கிறார். தலைக்கு மேல் பளீரென்று வெயில்.

"அண்ணி, வாங்க போலாம்" என்றான் ரேடியோ. குரல் அவனுடையது மாதிரியே இல்லை. "எதிர்க்கரைக்குப் போகணும்ல. நேரமாச்சு."

அவன் சொல்வதைக் கேட்டுக் கிளம்பியிருக்கலாம். ஒயர்மேன் கெஞ்சினதும் அதைத்தான். நாலு மணிக்கு ஒரு கையெழுத்து விழும், இவள் தம்பியைக் குற்றம் சொல்லிக்கொண்டோ சொல்லாமலோ வாழ்ந்துவிடுவாள். சர்வேயரம்மாவுக்கு மனசு கனக்கவில்லை, பதறவில்லை, வழக்கம்போல எதுவுமே வரவில்லை. ஆனால் ஒன்று மட்டும் தெரிந்திருந்தது. அவர் கணவர் தூக்கத்திலேயே போய்விட்டார், ஒன்றும் தெரியவில்லை அவருக்கு என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஊர்வரைக்கும் எல்லாரும் சொன்னார்கள். ரேடியோவும் சொன்னான். கணவர் தூங்கவில்லை என்பது சர்வேயரம்மாவுக்குத் தெரியும். அந்த நல்ல பொய்தான் நாலு மாதமாக ஊசி மருந்து மாதிரி உடம்பில் நின்றுகொண்டிருக்கிறது. கடைசியில் என்ன நடந்தது என்று யாராவது உண்மையைச் சொல்லியிருந்தால் வலித்தாவது இருக்கும்.

"ஏன்மா அந்தப் படுதாவப் பத்திக் கேக்கறீங்க?" என்றாள் அவள்.

"பேனலுக்கு சுவிட்ச் கிடையாதும்மா" என்றார் சர்வேயரம்மா. "வெயில் பட்டா ஒயர்ல உயிர் வந்துரும். துணியப் போட்டு மூடினாதான் அணையும். உங்க தம்பி மூடினது அந்தப் பச்சைப் படுதாவால."

 அவள் மெஷினில் மாட்டியிருந்த துணியைப் பார்த்தாள். தையல் பாதியில் நின்றிருந்தது. காலை வைத்து மெதுவாக அந்த வரியைக் கடைசிவரை ஓட்டினாள். நூலை அறுத்தாள்.

"அவனுக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே தெரிஞ்சிருக்கணும். பேனல் மொட்டையா இருந்ததையும் கயித்துல கிளிப் இருந்ததையும் பாத்திருக்கார்."

"அதான் வீட்டுக்கு வரலையா." சத்தமில்லாமல் சொன்னாள். "பன்னெண்டு நாளா என் மூஞ்சியப் பாக்கல. தப்பு பண்ணிட்டோம்னு வெக்கப்படறான்னு நினைச்சேன். அவன் மூஞ்சியில நான் எதப் பாத்துருவேனோன்னு பயந்திருக்கான்."

"தெரியாம எடுத்ததும்மா. சட்டம் உங்கள ஒண்ணும் செய்யாது."

"சட்டத்த யாரு கேட்டா?"

அவள் எழுந்தாள். முந்தானையைச் சரிசெய்தாள். மேல்தட்டிலிருந்த பச்சைப் படுதாவை எடுத்து இடுப்பில் அணைத்துக்கொண்டாள்.

"மணி என்ன?"

"மூணு இருபது."

"வண்டி இருக்கா?"

ரேடியோ போய் ஒரு ஆட்டோவைக் கூட்டிக்கொண்டு வந்தான். வழியெல்லாம் அவன் வாயைத் திறக்கவில்லை.

*

விசாரணை அதிகாரியின் மேஜையில் வாக்குமூலத்தின் மூன்று பிரதிகள் தயாராக இருந்தன. ஒயர்மேன் பேனாவைக் கையில் வாங்கியிருந்தான். அக்கா உள்ளே வருவதைப் பார்த்ததும் நாற்காலி சரிய எழுந்தான்.

"அக்கா, நீ எதுக்கு இங்க வந்தே? வீட்டுக்குப் போ."

அவள் அவனுக்குப் பதில் சொல்லாமல் படுதாவை மேஜைமேல் வைத்தாள். "சார், மூடின துணி இதுதான். எடுத்தது நான்."

"பொய் சார்" என்றான் அவன். "நான்தான் எடுத்தேன். கடைக்குப் போறதுக்கு முன்னாடி எடுத்து, மடிச்சு, அவ கடையில கொண்டுபோய் வச்சேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். நல்ல மனிதர்தான், ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போக வேண்டிய மனிதர். "மூட மறந்துட்டேன்னுதானேப்பா எழுதிக் குடுத்திருக்கே?"

"இப்பதான் ஞாபகம் வந்துச்சு."

"இவர் எடுத்தேங்கறார், நீங்களும் எடுத்தேங்கறீங்க. நான் எத எழுதறது?"

சர்வேயரம்மா முன்னால் வந்தார். கிளிப் தடத்தையும், கயிற்றில் இருந்த வரிசையையும், கடைக்காரர் சொன்னதையும் நாலே வாக்கியத்தில் சொன்னார். "மீதி இந்தத் துணி சொல்லும். படுதாவப் பிரிச்சு அவர் கையில குடுங்க சார். மடிச்சேங்கறார் இல்ல, மடிக்கட்டும்."

படுதாவைப் பிரித்தபோது அது மேஜையை மூடி, மூன்று பிரதிகளையும் மூடி, தரைவரை தொங்கியது. ஒயர்மேன் ஒரு மூலையைப் பிடித்து எதிர்மூலைக்குக் கொண்டுபோனான். வளையத்தோடு வளையம் சேரவில்லை. பிரித்து மறுபடி மடித்தான். ஓரம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. இருட்டுப் பெட்டிக்குள் கையை விட்டு ஒயரை இனம் கண்டு முறுக்குகிறவன், அக்கா கண்முன்னால் ஒரு துணியோடு மல்லுக்கட்டினான். மூன்றாம் தடவை நடுவில் காற்று சேர்ந்து மூட்டை மாதிரி உப்பிக்கொண்டது. அதைக் கையால் அமுக்கினான்.  யாரும் சிரிக்கவில்லை. அவன் நாலாம் தடவை பிரித்தான்.

"குடு" என்றாள் அவள்.

"நான் மடிக்கிறேன்க்கா. எனக்கு வரும்."

"குடுடா."

வாங்கினாள். ஓரத்தைத் தாடையில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் விரித்தாள். வளையத்தின்மேல் வளையம் உட்கார்ந்தது, தையல் உள்ளே போனது. அரை நிமிஷம் ஆகியிருக்காது. அலமாரியில் இருந்த அதே கட்டு, அதே அளவில் மேஜைமேல் வந்து உட்கார்ந்தது. அதிகாரி அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மூன்று பிரதிகளையும் சேர்த்து இழுப்பறைக்குள் போட்டுவிட்டு, வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்தார்.

ஒயர்மேன் தரையில் உட்கார்ந்துவிட்டான். முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு பன்னிரண்டு நாள் அழாததை அழுதான். அவள் அழவில்லை. குனிந்து அவன் தலைமேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லுங்கம்மா" என்றார் அதிகாரி. "என்ன எழுதணும்?"

"என் தம்பி மூடியிருந்தான்னு எழுதுங்க" என்றாள். "மொதல்ல அத எழுதுங்க. நான் எடுத்தத அதுக்குக் கீழ எழுதிக்கலாம்."

அதிகாரி எழுத ஆரம்பித்தார்.